உள்பாக்கெட், இடது பக்கம்

ஜூன் 23, திங்கள்

காலை: இட்லி மூன்று. மதியம்: தயிர் சாதம். இரவு: தோசை இரண்டு. பை காலி செய்தது: மூன்று முறை.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி நர்ஸ் ஸ்டெல்லா மேடம் என்ன சாப்பிட்டேன், பை எப்படி இருந்தது என்பதை மட்டும் எழுதச் சொல்லி முதல் நோட்டைக் கொடுத்தார்கள். பதினான்கு மாதம் ஆகிறது. அந்த ‘மட்டும்’ மூன்றாம் நாளே போய்விட்டது. இது நான்காவது நோட்டு.

புது நோட்டு என்பதால் ஒரு முறை எழுதி வைக்கிறேன். பெயர் தெய்வசிகாமணி, வயது ஐம்பத்தொன்று. குடலில் கட்டி வந்தது, எடுத்தார்கள். பழைய வழியை மூடிவிட்டு வயிற்றின் இடது பக்கத்தில் புது வழி வைத்தார்கள். அதன்மேல் ஒரு பை ஒட்டியிருக்கிறது. வருவது அதில் வரும். இது தெரிந்தவர்கள் டாக்டர், ஸ்டெல்லா மேடம், என் மனைவி சாந்தாமணி. கம்பெனியில் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லி இரண்டு மாதம் லீவு போட்டேன். அப்படியே இருக்கட்டும்.

கம்பெனியில் இன்று ஒரு புதுமை. நாங்கள் ஜட்டி, பனியன் தவிர வேறொன்றும் அறியாதவர்கள். நான் பேட்டர்ன் மாஸ்டர். அளவு போட்டு அட்டையில் வரைந்து வெட்டிக் கொடுப்பேன், அதை வைத்துத் துணியை வெட்டித் தைப்பார்கள். இருபத்தாறு வருடமாக ஆண்களின் இடுப்பைப் பற்றி மட்டும் யோசித்தே சாப்பிடுகிறேன். ஓனர் குழந்தைவேலு அண்ணன் காலையில் கூப்பிட்டார்.

“சிகாமணி, டென்மார்க் பையர் நீச்சல் டிரவுசர் கேக்கறாங்க. ஆம்பளைங்களுக்கு. பாத்தா ஸ்டைலா இருக்கோணுமாம், போட்டா உபயோகமாவும் இருக்கோணுமாம்.”

“நாம செஞ்சதே இல்லீங்களேண்ணா.”

“அட, ஜட்டிதானப்பா. தண்ணிக்குள்ள போடறாங்க, அவ்ளோதான்.”

நம் ஆட்களில் யாருக்காவது நீச்சல் தெரியுமா என்று கேட்டார். செக்கிங் செக்ஷன் ரஃபீக்குக்குத் தெரியும் என்றேன். எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. அவர் என்னைக் கேட்கவில்லை.

ஜூன் 25, புதன்

காலை: உப்புமா. தவறு. பை: ஐந்து முறை.

துணி வந்திருக்கிறது. நைலான் லைக்ரா. மேஜையில் விரித்தால் தரைக்குப் போகிறது. கையில் பிடித்தால் மீன் பிடித்த மாதிரி இருக்கிறது. காட்டன் துணி சொன்ன பேச்சு கேட்கும். இது கேட்பதாகத் தெரியவில்லை.

வெளிநாட்டில் சரக்கு வாங்குகிற பையர்களோடு மெயிலில் பேசுவது மெர்ச்சண்டைசர் ஹேமலதா, டென்மார்க்கிலிருந்து வந்த விவரத்தைப் படித்துச் சொன்னாள். பையர் கம்பெனியில் பிர்கிட்டே என்று ஒரு அம்மாள்தான் நம் சாம்பிளைப் பார்த்து ஓகே சொல்ல வேண்டியவர். முட்டிக்கு மேல் ஆறு அங்குலம். உள்ளே வலைத்துணி லைனிங். தண்ணீர் வடிய பாக்கெட்டின் அடியில் ஓட்டை. பின்னால் ஜிப் வைத்த பாக்கெட் ஒன்று, சாவிக்கு. இடுப்புக்கு ஒரு அங்குல எலாஸ்டிக், நாடா.

ஒரு அங்குல எலாஸ்டிக் எங்கே வந்து உட்காரும் என்று எனக்குத் தெரியும். சரியாக அங்கேதான். ஆனால் அது டென்மார்க்காரர்களின் பிரச்சனை.

ஜூன் 28, சனி

மச்சினன் சுரேந்திரன் போன் செய்தான். ஆடிப் பதினெட்டுக்குக் கொடிவேரி போகிறார்களாம். எல்லோரும் வர வேண்டுமாம்.

“போன வருசம் டிமிக்கி குடுத்துட்டீங்க மாமா. இந்த வருசம் உடமாட்டேன்.”

கம்பெனியில் அர்ஜென்ட் ஆர்டர் என்றேன். சாந்தாமணி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். எனக்குக் கொடிவேரி எப்போதுமே அவ்வளவாகப் பிடிக்காது. ஒரே கூட்டம். மீன் வறுக்கிற எண்ணெய் வாடை வேறு. தடுப்பணையில் விழுகிற தண்ணீரில் நிற்பதற்கு இடம் பிடிக்கவே அரை மணி நேரம் ஆகும்.

இடது ஓரத்தில், மூன்றாவது மதகுக்குக் கீழே நின்றால் அவ்வளவு கூட்டம் இருக்காது.

ஜூலை 1, செவ்வாய்

முதல் சாம்பிள் வெட்டினேன். பை: மூன்று.

ஜூலை 5, சனி

ஓனரின் தோட்டத்தில் பெரிய தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. சாம்பிளை அங்கே சோதித்தோம். ஓனர், நான், ஹேமலதா, சாம்பிள் டெய்லர்கள் நாலு பேர். ஓனர் வீட்டு அம்மா எல்லோருக்கும் மோர் கொடுத்தார்கள். ரஃபீக் கடல்நீலக் கலர் டிரவுசரில் வந்து நின்றான். பார்க்க நன்றாகவே இருந்தது. ஓனர் பெருமையாகச் செல்போனில் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

ரஃபீக் குதித்தான். டிரவுசர் ரஃபீக்குக்கு முன்னால் மேலே வந்தது.

ஹேமலதா தென்னை மரத்தைப் பார்த்தாள். டெய்லர்கள் மோரைப் பார்த்தார்கள். ஓனர் மட்டும் படம் பிடிப்பதை நிறுத்தத் தெரியாமல் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், துண்டு!” என்றான் ரஃபீக், கழுத்து வரைக்கும் தண்ணீரில் நின்றுகொண்டு.

நான் போய்க் கொடுத்தேன். தொட்டி ஓரத்தில் குனிந்தபோது தண்ணீர் கையில் பட்டது. குளிர்ச்சியாக இருந்தது. தொட்டித் தண்ணீர் அப்படித்தான் இருக்கும்.

ஜூலை 6, ஞாயிறு

தப்பு என்ன என்று நேற்று வீட்டுக்கு வந்த பிறகு புரிந்தது. காட்டன் பனியன் துணி முதல் அலசலிலேயே சுருங்கும். அதனால் எந்த அளவு கொடுத்தாலும் ஆறு சதவீதம் கூட்டித்தான் வெட்டுவோம். அதை யோசித்துச் செய்வதில்லை. மூச்சு விடுகிற மாதிரி கை தானாகவே கூட்டும். இந்த நைலான் சுருங்கவே சுருங்காது. நனைந்தால் கனம் ஏறி இன்னும் இறங்கும். சுருங்கும் என்று நான் காத்திருந்தேன், அது தளர்ந்தது.

ஓனரிடம் போனில் சொன்னேன். “திருப்பூர்ல எவன் வெட்டிருந்தாலும் அதையேதான் பண்ணிருப்பான், உடு” என்றார். பிறகு, “நல்லாத்தான இருக்கறே? ஒன்னும் மனசுல வெச்சுக்கலையே?” என்று கேட்டார். எதற்குக் கேட்டார் என்று தெரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

காலை: இட்லி இரண்டு. மதியம்: வீட்டில் ரசம் சாதம். பை: மூன்று.

மதியச் சாப்பாட்டுக்கு நான் பன்னிரண்டே முக்காலுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறேன். முன்பெல்லாம் ஓனர், நான், ரஃபீக் எல்லோரும் ஒரே மேஜையில் சாப்பிடுவோம். பைக்குச் சாப்பாட்டு நேரம் தெரியும். சத்தம் போடும். அதை என்னால் நிறுத்த முடியாது. எனவே வீடு.

இரண்டாம் சாம்பிளுக்கு அட்டை வரைந்தேன். இந்த முறை ஒரு மாற்றம் செய்தேன். ஒரு அங்குல எலாஸ்டிக்குக்குப் பதில் நாலு அங்குல அகலத்துக்கு அதே துணியில் பட்டி, உள்ளே மெல்லிய லைக்ரா. இடுப்பை அறுக்காது. உயரத்தையும் மூன்று அங்குலம் ஏற்றினேன். தொப்புளுக்கு மேலே வரும். நழுவாமல் இருக்க இது அவசியம். காரணம் அது மட்டுந்தான்.

உள்பக்கம், இடது பக்கம், ஒரு பாக்கெட்டும் வைத்தேன். இழுபடுகிற மெல்லிய துணியில், வாய் உடம்பைப் பார்த்த மாதிரி. அகலம் பதினாலு சென்டிமீட்டர், நீளம் இருபது. பாக்கெட் எதற்கும் உதவும்.

ஜூலை 9, புதன்

இன்று சாம்பிள் ரூமில் எல்லோரும் அமைதியாக வேலை செய்துகொண்டிருந்தபோது பை ஒரு பெரிய சத்தம் போட்டது. நாற்காலியை இழுத்தேன். நாற்காலிச் சத்தம் வேறு மாதிரி இருந்தது.

ஜூலை 10, வியாழன்

ஹேமலதா வீட்டிலிருந்து ஒரு ரேடியோ கொண்டுவந்து சாம்பிள் ரூமில் வைத்திருக்கிறாள். என் மேஜைக்குப் பக்கத்தில். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை அலறுகிறது. இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பாட்டில்லாமல் வேலை ஓடாது போலிருக்கிறது. குறைக்கச் சொன்னேன். “சரிங்க மாஸ்டர்” என்று சொல்லிவிட்டுக் குறைக்காமல் போனாள்.

ஜூலை 14, திங்கள்

போன புதன்கிழமையே கூரியரில் போன இரண்டாம் சாம்பிளுக்குப் பதில் வந்துவிட்டது. ஹேமலதா படித்துத் தமிழில் சொன்னாள்.

“மாஸ்டர், உங்களப் புகழ்ந்திருக்காங்க. ஹை வெய்ஸ்ட்டும் அகலப் பட்டியும் ரொம்பப் புடிச்சிருக்காம். அந்தக் காலத்து ஸ்டைலாம். அங்க இப்ப அதுதான் ஃபேஷனாம்.”

ஓனர் என் முதுகில் தட்டினார். நான் அந்தக் காலத்து ஸ்டைலை நினைக்கவே இல்லை என்பதைச் சொல்லவில்லை.

“ஒன்னே ஒன்னு கேட்டிருக்காங்க. உள்ள இடது பக்கம் பாக்கெட் எதுக்கு?”

“சாவி வெக்கறதுக்கு” என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

சாவிக்குப் பின்னால் ஏற்கெனவே ஜிப் பாக்கெட் இருக்கிறதே என்று பதில். ஓட்டல் ரூம் கார்டு வைக்கலாம் என்று எழுதச் சொன்னேன்.

ஜூலை 16, புதன்

கார்டையும் அதிலேயே வைக்கலாமே என்று பதில். வயிற்றை உள்ளே பிடித்து நிறுத்தும் என்று எழுதச் சொன்னேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. பச்சரிசிப் பாயசம். பை: இரண்டு.

வயிற்றின் இடது பாதியை மட்டுமா என்று பதில். டென்மார்க்கில் இந்த அம்மாளுக்கு வேறு வேலையே இல்லை. ரஃபீக் தன் பங்குக்கு, “தாயத்து வெக்கறதுக்குன்னு சொல்லுங்க மாஸ்டர், அதுக்கு மேல கேக்க மாட்டாங்க” என்றான். ஹேமலதா அதை எழுத மறுத்துவிட்டாள்.

“மாஸ்டர், நெசமான காரணத்தச் சொன்னா நான் நல்லா எழுதிருவேன்” என்றாள். மெதுவாகச் சொன்னாள். ரேடியோ சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

ஜூலை 19, சனி

ஓனருக்கு என்னவோ ஆகிவிட்டது. காலையில் என் மேஜைக்குப் புது நாற்காலி வந்தது. மதியம் நான் கிளம்பும்போது வாசலில் நின்றார்.

“வீட்டுக்குத்தான் போறயா?”

“ஆமாங்கண்ணா.”

“டெய்லி இந்த நேரத்துக்கு வீட்டுக்குத்தான்?”

“சாப்பிடத்தானுங்க.”

“இருபத்தஞ்சு வருசம் இங்கதான சாப்ட்டே?”

டாக்டர் வீட்டுச் சாப்பாடுதான் சாப்பிடச் சொல்லியிருக்கிறார் என்றேன். தலையை ஆட்டினார். நான் வண்டியைத் திருப்புகிற வரைக்கும் அங்கேயே நின்று நான் எந்தப் பக்கம் போகிறேன் என்று பார்த்தார். வயதாகிவிட்டது. பாவம்.

ஜூலை 22, செவ்வாய்

இரவு: கோதுமைத் தோசை ஒன்று. பை: மூன்று.

இரண்டாம் சாம்பிளில் எப்போதும் ஒன்று கூடுதலாகத் தைப்போம், கம்பெனியில் வைத்துக்கொள்ள. அது முப்பத்தெட்டு சைஸ். சோதனைக்காக வீட்டுக்கு எடுத்து வந்தேன். பாத்ரூமில் போட்டுக்கொண்டு தலையில் எட்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். பை அசையவில்லை. பாக்கெட்டுக்குள் தட்டையாக, சொன்ன பேச்சு கேட்டுக்கொண்டு இருந்தது. இரண்டு கையையும் தூக்கினேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். பாத்ரூமில் நீந்த முடியாது. முடிந்த வரைக்கும் செய்தேன்.

வெளியே வந்தபோது சாந்தாமணி கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். டிரவுசரைப் பார்த்தாள். சுற்றி வந்து பார்த்தாள். பட்டியை இழுத்து உள்ளே பாக்கெட்டையும் பார்த்தாள்.

“இது யாருக்குங்க?”

“டென்மார்க்காரங்களுக்கு.”

“டென்மார்க்காரங்களுக்கு இடுப்பு முப்பத்தெட்டுங்களா?”

“சராசரி அளவு.”

“கல்யாணமான வருசத்துலருந்து கொடிவேரில நான் உங்களத் தண்ணியிலருந்து மேல வரச்சொல்லி சத்தம் போட்டுப் போட்டுத் தொண்ட வத்திப் போவேன்” என்றாள். “போன வருசம் சத்தம் போடறதுக்கு ஆளில்ல. எனக்குப் புடிக்கவே இல்லீங்க.”

துண்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் கொஞ்ச நேரம் ஈரத்தோடு நின்றேன். தரை நனைந்ததற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஜூலை 25, வெள்ளி

பிர்கிட்டே அம்மாள் கடைசியாக எழுதிவிட்டார்கள். பாக்கெட்டுக்குச் சரியான காரணம் இல்லையென்றால் எடுத்துவிட வேண்டும். திங்கட்கிழமை வீடியோ காலில் பேசி முடித்துவிடலாம். ஓனர், “எடுத்துருவோம், ஒரு பாக்கெட்டுக்காக என்ன மல்லுக்கட்டு” என்கிறார். எடுப்பது சுலபம். அட்டையில் ஒரு துண்டு குறையும்.

அந்த அம்மாளிடம் உண்மையைச் சொல்லி எழுதினால் பாக்கெட் நிற்கலாம். ஆனால் மெயில் ஓனருக்குப் போகும், ஆபீஸில் எல்லோருக்கும் போகும். சாயங்காலத்துக்குள் கட்டிங், செக்கிங், அயனிங், வாசலில் வாட்ச்மேன் வரைக்கும் தெரிந்துவிடும். நான் நடந்து போனால் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். சட்டையின் இடது பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார்கள். எனக்கு அது பயமாக இருக்கிறது. இந்த நோட்டில் இதுவரை எழுதாததை எழுதிவிட்டேன்.

எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

பை மாற்றிய நாள். சாந்தாமணி புதுப் பையை வெட்டி ஒட்டிக் கொடுத்தாள். ஆறு மாதமாக நானே செய்கிறேன், இன்று அவளாக வந்தாள். ஒட்டி முடித்து அரை நிமிடம் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்துக்கொண்டே, “சுரேந்திரன்கிட்ட வரலைன்னு சொல்லிரட்டுங்களா?” என்றாள்.

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 28, திங்கள்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பதினொன்றரை மணிக்கு ஓனர் ரூமில் உட்கார்ந்தோம். ஓனர், ஹேமலதா, நான். டிவியில் பிர்கிட்டே அம்மாள். நரைத்த முடி, கழுத்தில் கண்ணாடிக் கயிறு. கையில் எங்கள் சாம்பிள். பட்டியைப் பற்றிப் பேசினார்கள், ஓகே. நாடா, ஓகே. பாக்கெட் ஓட்டை, ஓகே. பிறகு டிரவுசரை உள்புறமாகத் திருப்பி அந்தப் பாக்கெட்டுக்குள் கையை விட்டுக் காட்டினார்கள்.

“எடுத்தரலாம்னு சொல்லீரும்மா” என்றார் ஓனர்.

ஹேமலதா உடனே சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். அந்த அம்மாளும் திரையில் இருந்து காத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குச் சாந்தாமணி ஞாபகம் வந்தது. அதோடு, நான் இருபத்தாறு வருடத்தில் வெட்டியதிலேயே சரியாக வந்த பீஸ் இது என்பதும் ஞாபகம் வந்தது. காரணமில்லாமல் ஒரு பாக்கெட்டை வைத்தான் என்று ஒரு பேட்டர்ன் மாஸ்டரைப் பற்றி டென்மார்க்கில் ஒருத்தர் நினைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டில் எது என்னை எழுப்பியது என்று தெரியாது. எழுந்துவிட்டேன்.

“எடுக்க வேண்டாமுங்க. காரணம் இருக்குது.”

“என்னப்பா காரணம்? சாவி, கார்டு, வவுறு எல்லாம் சொல்லியாச்சே” என்றார் ஓனர்.

சட்டையைத் தூக்கினேன். பேன்ட்டை இரண்டு அங்குலம் இறக்கினேன். மேஜைமேல் இருந்த சாம்பிளை எடுத்து, பாக்கெட்டைப் பைக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன்.

“இதுக்குங்க.”

ஹேமலதா மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. திரையில் அந்த அம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார்கள். பிறகு கையிலிருந்த டிரவுசரைப் பார்த்தார்கள். பாக்கெட்டின் தையலை விரலால் ஒரு முறை தடவினார்கள். பேட்டர்ன் தெரிந்தவர்கள் அப்படித்தான் தடவுவார்கள்.

ஓனர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அப்படியே நின்றார்.

“கொடல் எறக்கம்னியேப்பா?”

“பொய் சொன்னனுங்கண்ணா. கேன்சருங்க. எடுத்துட்டாங்க. இப்ப நல்லாருக்கறேன்.”

“அதுக்குத்தான் மத்தியானம் வீட்டுக்குப் போறயா?”

“சத்தம் வருமுங்க. உங்க முன்னாடி எப்படிங்க?”

“அப்ப நீ வேற கம்பெனிக்குப் போகலையா?”

“எந்தக் கம்பெனிக்குங்க?”

“பன்னெண்டே முக்காலானா காணாமப் போறே. எங்ககூட உக்கார மாட்டீங்கறே. ஊட்டி டூருக்கு வர மாட்டீங்கறே. எவனோ ஒன்னக் கொத்திட்டுப் போகப் பாக்கறான்னு ஆறு மாசமா தூக்கமில்ல எனக்கு. நாற்காலியெல்லாம் வாங்கிப் போட்டேன்.”

உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் வயிற்றுக்காக அழுதாரா, நான் போகவில்லை என்பதற்காக அழுதாரா என்று இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை. இரண்டுக்கும் சேர்த்து என்று எடுத்துக்கொள்கிறேன்.

பிர்கிட்டே அம்மாள் மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். நான் சட்டையை இறக்கினேன். வெட்கமாக இருந்தது. அப்புறம் பசித்தது.

மதியம் கம்பெனியிலேயே சாப்பிட்டேன். ஓனர் வீட்டுச் சாப்பாடு. கத்திரிக்காய்க் குழம்பு. பை சாப்பாட்டுக்கு நடுவில் ஒரு தடவை சத்தம் போட்டது. ஓனர், “அதுக்கும் பசிக்குதாட்ட இருக்குது” என்று சொல்லிவிட்டு, சொன்னது சரியா தப்பா என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார். சிரித்துவிட்டேன். ரஃபீக் அப்பளத்தை நொறுக்கினான்.

பை: நாலு. கத்திரிக்காய்.

ஜூலை 29, செவ்வாய்

எதிர்பார்த்தபடியே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எதிர்பார்த்தபடியே வாட்ச்மேன் சட்டையின் இடது பக்கத்தைப் பார்த்தார். ஆனால் வலது பக்கத்தையும் பார்த்தார். எந்தப் பக்கம் என்று அவருக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை.

ஹேமலதாவிடம் ரேடியோவை நிறுத்தலாம் என்றேன்.

“வேண்டாமுங்களா மாஸ்டர்?”

“வேண்டாம்.”

நிறுத்தினாள். அது எதற்காக என் மேஜைக்குப் பக்கத்தில் வந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினெட்டு நாள் அந்தப் பெண்ணை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். டீ வந்தபோது என் பங்கு முறுக்கை அவளிடம் தள்ளினேன். எடுத்துக்கொண்டாள்.

ஜூலை 31, வியாழன்

பையரிடமிருந்து முடிவு வந்தது. பாக்கெட் வேண்டாம்.

இந்த சீசன் சரக்கு இளைஞர்களுக்கானது, கடைக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தார்கள். பட்டியும் உயரமும் அப்படியே இருக்கலாம். பிர்கிட்டே அம்மாள் கீழே தனியாக ஒரு வரி எழுதியிருந்தார்கள்: தையல் மிக நேர்த்தி, அடுத்த வருடம் மறுபடியும் கேட்டுப் பார்ப்பேன். அடுத்த வருடம் என்பது இந்தத் தொழிலில் இல்லை என்பதற்கு மரியாதையான சொல்.

எனக்குக் கோபம் வந்தது. சட்டையைத் தூக்கிக் காட்டியதற்கு ஒரு பாக்கெட்கூடக் கிடைக்கவில்லை. என் கையாலேயே பேட்டர்னிலிருந்து அந்தத் துண்டை எடுத்தேன். குப்பையில் போட மனம் வரவில்லை, டிராயரில் போட்டேன்.

ஓனர் வந்து பக்கத்தில் நின்றார். “அவங்களுக்கு வேண்டாட்டிப் போகுது. நீ உனக்கு ஒன்னு தெச்சுக்கோ. சாம்பிள் பீஸையெல்லாம் போடாத. புதுசா வெட்டு.”

“எதுக்குங்கண்ணா, நான் எங்க போடப் போறேன்?”

“ஆடிப் பதனெட்டுக்குக் கொடிவேரி போறியாமா. உன் ஊட்டுக்காரி போன் பண்ணுச்சு.”

சாந்தாமணி என் கம்பெனிக்கு இதுவரை போன் செய்ததே இல்லை.

ஆகஸ்ட் 2, சனி

என் பீஸை வெட்டினேன். கருநீலம், முப்பத்தெட்டு. கை தானாக ஆறு சதவீதம் கூட்டப் பார்த்தது, பிடித்து நிறுத்தினேன். தைத்து முடித்ததும் ஓனர் அதை முறைப்படி அனுப்பச் சொல்லிவிட்டார். நூல் பிசிறு வெட்டினார்கள், அயன் செய்தார்கள். ரஃபீக் விளக்குக்கு அடியில் வைத்து, எல்லாத் தையலையும் இழுத்துப் பார்த்து, ஓகே ஸ்டிக்கர் ஒட்டினான். கவரில் போட்டு என்னிடம் கொடுத்தபோது, “இது மேல வராது மாஸ்டர்” என்றான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

காலை: கட்டுச்சோறு. மதியம்: எழுத வேண்டாம். பை: இரண்டு.

கொடிவேரி எப்போதும் போலத்தான். கூட்டம், எண்ணெய் வாடை. தண்ணீர் அளவாக விட்டிருந்தார்கள். சட்டையைக் கழற்ற எனக்குக் கால் மணி நேரம் ஆனது. சுரேந்திரன் பார்த்துவிட்டு, “என்னுங் மாமா, டிரவுசர நெஞ்சு வரைக்கும் ஏத்திப் போட்டிருக்கறீங்க?” என்றான்.

“டென்மார்க் ஸ்டைல் மாப்ள.”

“அங்கெல்லாம் இப்படித்தானுங்களா?” என்று நம்பிவிட்டான்.

இடது ஓரம், மூன்றாவது மதகு. முட்டி வரைக்கும் போனேன். தொடை. இடுப்பு. அங்கே நின்றேன். கையை வைத்துப் பார்த்தேன், பை இருந்தது. நெஞ்சு வரைக்கும் போனேன். இருந்தது. அப்புறம் தண்ணீர் விழுகிற இடத்தில் முதுகைக் கொடுத்து நின்றேன். காதில் வேறெதுவும் விழவில்லை. பை சத்தம் போட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. சந்தோஷமாக இருந்தது. இதை வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

சாந்தாமணி சாப்பிடக் கூப்பிட்டாள். கேட்காத மாதிரி இருந்தேன். மறுபடியும் கூப்பிட்டாள். நாலாவது தடவை கூப்பிடும்போது தொண்டை கட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அஞ்சாவது தடவையும் கூப்பிட்டாள்.

மேலே வந்து படியில் நின்று, உள்ளங்கையால் இடது பக்கத்தை இரண்டு முறை அழுத்திப் பார்த்தேன். பழக்கம். கொஞ்சம் தள்ளி ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். முழுக்கைச் சட்டை, பேன்ட், மடியில் குழந்தைகளின் துணி மூட்டை. அவர் வீட்டுக்காரம்மாவும் இரண்டு பெண் குழந்தைகளும் தண்ணீரில் இருந்தார்கள். அப்பா வா, அப்பா வா என்று அந்தப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தன. அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து கிட்டே வந்தார்.

“இந்த டிரவுசரு எங்க வாங்குனீங்க?”

“நாந்தான் தெச்சனுங்க. திருப்பூரு.”

“உள்ளாற பாக்கெட்டு மாதிரி ஏதாச்சும் வெச்சிருக்கறீங்களா?”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெச்சிருக்கறனுங்க. இடது பக்கம்.”

கையோடு கொண்டுவந்த பிள்ளைகளின் துண்டையே மூன்று முறை மடித்தார்.

“எனக்கு வலதுங்க” என்றார்.

கழுத்தில் அளவு டேப் இல்லை. நான் டேப் இல்லாமல் இருந்த நாள் சமீபத்தில் இல்லை. சாந்தாமணியிடம் துண்டை வாங்கி, அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்து, முனை வந்து சேர்ந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டேன். முடிச்சை அவிழ்க்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து இப்போதுதான் அளந்தேன்.

முப்பத்தாறு. வலது பக்கம்.